சாமை மில்லின் மோட்டார் கிளம்பும்போது

மோட்டாரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால் போதும், கேட்கிறவர்கள் தங்கள் வீட்டு மிக்சியின் வியாதியைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். கள்ளக்குறிச்சியில் நான் குடியிருக்கும் தெருவில் பாதி கிரைண்டர்களின் ஜாதகம் எனக்குத் தெரியும். ரிப்பேர் வேலை எனக்கு வராது என்று எத்தனை தடவை சொன்னாலும் நம்புவதில்லை. "டாக்டர் பட்டத்துக்குப் படிக்கறாங்களாம், இதுகூடவா தெரியாது?" என்று என் காதில் விழும்படியே பேசுவார்கள். இப்போதெல்லாம் நான் பதில் சொல்வதில்லை. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

நான் பார்ப்பது வேறு விஷயம். ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே பகுதிநேரமாகச் செய்யும் ஆராய்ச்சி அது. சுவிட்சைப் போட்டதிலிருந்து மோட்டார் முழு வேகம் எடுக்கும்வரை ஒன்றிரண்டு வினாடி ஆகும். அந்தச் சின்ன நேரத்துக்குள் மோட்டாரின் தடை முதலான அளவுகள் எப்படி மாறுகின்றன என்று கணக்கிடுவதுதான் என் வேலை. மோட்டாரில் அசையாமல் இருக்கும் வெளிப்பகுதி ஸ்டேட்டர். அதில் செம்புச் சுருள் கட்டியிருப்பார்கள். உள்ளே சுற்றும் உருளை ரோட்டர். அதில் சுற்றிலும் கம்பிகள் பதிந்திருக்கும். ரோட்டர் நின்றுகொண்டிருக்கும்போது அந்தக் கம்பிகளில் கரண்ட் விளிம்போடு ஒதுங்கி ஓடும். அதனால் தடை அதிகம். வேகம் பிடிக்கப் பிடிக்க கரண்ட் கம்பி முழுக்கப் பரவும், தடை குறையும். இதற்கு நடுவில் சூடு ஏறி அது தடையைக் கொஞ்சம் கூட்டிவிடும். பாடப்புத்தகத்தில் இதையெல்லாம் ஒரே எண்ணாகப் போட்டு முடித்திருப்பார்கள். நிஜத்தில் அந்த எண் ஒரு நொடிகூட நிலையாக நிற்பதில்லை.

என் முறையில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. மோட்டாரைக் கழற்ற வேண்டாம், தொட வேண்டாம், சுற்றும் தண்டைப் பார்க்கக்கூட வேண்டாம். மூன்று ஒயர்களிலும் கிளாம்ப் மாட்டி, கரண்டையும் வோல்ட்டையும் பதிவுசெய்தால் போதும். அந்த மோட்டார் சுழற்ற வேண்டிய மெஷினின் சக்கரம் எவ்வளவு கனம் என்று தெரிந்திருந்தால், மிச்சத்தை எல்லாம் கணக்கே சொல்லிவிடும். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலை நிமிரும், மறைப்பதற்கில்லை.

முதலில் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்புக் கொல்லைகளில் பம்ப் மோட்டார்களைப் பதிவுசெய்யப் போனேன். அங்கே என்னை மின்வாரியத்துக்காரி என்றே நினைத்துவிட்டார்கள். "மும்முனை கரண்டு எப்ப வுடுவீங்க?" "இன்னா மேடம், வோல்டேஜ் இவ்ளோ கம்மியா இருக்குது?" என்று வரப்பில் மறித்துக் கேட்டார்கள். நான் அவர்கள் இல்லை என்று சொல்லச் சொல்ல, மேலிடத்து ஆள் வேஷம் போட்டு வந்திருக்கிறது என்ற சந்தேகம்தான் வலுத்தது. அதைவிடப் பெரிய தொல்லை, நீர்மூழ்கி மோட்டார் சிரமமே இல்லாமல் கிளம்பிவிடும். எனக்குத் தேவை, கிளம்பத் திணறும் மோட்டார். நல்லபடியாக இருப்பதை வைத்துக்கொண்டு என் ஆராய்ச்சி நகராது. டாக்டர்களைப் போல எனக்கும் நோயாளி வேண்டும்.

நோயாளி கிடைத்தது கல்வராயன் மலையில். கல்லூரி முகாமுக்காக வெள்ளிமலைக்குப் போயிருந்தபோது, எங்களை ஏற்றிவந்த ஜீப் டிரைவர் பேச்சுவாக்கில் சொன்னார். "எங்க வூட்ல சாமை குத்துற மில்லு கீது மேடம். ஏழரை ஹெச்பி மோட்டாரு. ரெண்டு தபா எரிஞ்சி, ரெண்டு தபாவும் கள்ளக்குறிச்சி எடுத்துக்கினு போயி வைண்டிங் கட்டியாந்தேன்." பேரிலேயே ஏழரை இருக்கிறது, வேறென்ன ஆகும் என்று நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். எனக்குத் திணறும் மோட்டார் வேண்டும், அவருக்கு மோட்டாரைப் பற்றிப் படித்தவர் சொல்லும் வார்த்தை வேண்டும். இரண்டு பேருக்கும் தோதாகப் போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கருவிப் பெட்டியோடு பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் எனக்குக் குமட்டும். அது வேறு கதை. மில் என்பது அவர்கள் வீட்டை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை. உள்ளே சாமையை உமி நீக்கும் மெஷின், அதற்கு நாலு முழம் தள்ளி மோட்டார், இரண்டையும் இணைக்கும் அகலமான பெல்ட். உள்ளே உமித் தூசி கண்ணை மறைக்கும் என்பதால் மீட்டரையும் ஸ்டார்ட்டரையும் வெளிச்சுவரில் மாட்டியிருந்தார்கள். என் வேலை முழுக்க வெளிச்சுவரோடுதான்.

மில்லை நடத்தியவள் டிரைவரின் மனைவி. முப்பது வயதுகூட இருக்காது. அப்போது அவளுக்கு ஆறாம் மாசம். அவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு விடியக் காலையில் போனால் இருட்டித்தான் வருவார். மில் அவள் பொறுப்பு. கூடவே அவளுடைய மாமியார், உமியை அள்ளுவதும் தானியத்தைப் புடைப்பதுமாக இருந்தார். முதல் நாள் நான் கிளாம்ப் மாட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் பக்கத்தில் வந்து நின்று விஷயத்தை உடைத்துச் சொன்னாள்.

"அக்கா, எட்டாம் மாசம் பொறந்தா நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். கீழ, கச்சிராயபாளையத்துக்கு அந்தாண்ட. இங்க அறுப்பு முடிஞ்சி சாமை வந்துக்கினே இருக்கும். எங்க மாமியாதான் தனியா ஓட்டணும். இந்த மோட்டாரை நம்பி அவங்கள வுட்டுட்டுப் போலாமா, மாத்திட்டுப் போணுமா? எங்கூட்டுக்காரரு நல்லா கீது, நல்லா கீதுன்றாரு. நீங்க பாத்துச் சொல்லுங்க."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். மில் மூடினால் அந்தச் சுற்று வட்டாரத்துப் பெண்கள் சாமையை உரலில் குத்த வேண்டும், இல்லை மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலையிறங்க வேண்டும். அவள் கேட்டது எனக்கும் நியாயமான கேள்வியாகவே பட்டது. ஆராய்ச்சியில் இந்த மாதிரி நேராக யாரும் கேட்பதில்லை.

பதிவுசெய்யும் விதம் எளிது. என் கருவி தயார் என்றதும் நான் குரல் கொடுப்பேன். அவள் உள்ளே போவாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து "ம், போடுங்க!" என்பாள். நான் பச்சைப் பொத்தானை அமுக்குவேன். ஸ்டார்ட்டர் 'டக்' என்று கவ்வும், மோட்டார் உறுமும், பெல்ட் சலசலக்கும், அவ்வளவுதான். அவள் உள்ளே தானியம் சரியாக விழுகிறதா என்று பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. எனக்கு வேண்டியது மூன்று ஒயர்கள்.

மலையில் கரண்ட் அடிக்கடி போகும். நடுவில் போனால் மெஷினுக்குள் இருக்கும் சாமையை வெளியே வாருவதில்லை என்பது அந்த மில்லின் வழக்கம். குத்தியதும் குத்தாததும் கலந்துபோய்விடும், தானியத்துக்காரி அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள், கேட்டால் யார் பதில் சொல்வது? ஆகையால் கரண்ட் வந்ததும் தொண்டை வரைக்கும் சாமையோடு அப்படியே கிளப்புவார்கள். மோட்டாருக்கு இதைவிடக் கொடுமை கிடையாது. எனக்கோ மகிழ்ச்சி, இப்படிப்பட்ட கிளம்பலைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து கணக்கைப் போட்டேன். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு எரிச்சல். என் கணக்குப்படி அந்த மோட்டார் நல்ல மோட்டார் இல்லை. இருக்கவே முடியாத அளவுக்கு நல்ல மோட்டார். அந்த வோல்டேஜில், அந்தச் சுமையோடு, அவ்வளவு சீக்கிரம் வேகம் எடுக்க எந்த ஏழரை ஹெச்பிக்கும் தெம்பு கிடையாது. ரோட்டர் தடையின் வரைபடம் முதலில் ஒழுங்காக இறங்க வேண்டும். இதில் கிளம்பிய உடனே ஒரு திமில் மாதிரி மேலே எழும்பி, பிறகுதான் இறங்கியது. திரும்பப் போய்ப் பதிவுசெய்தேன். அதே திமில். இன்னொரு தடவை. அதே இடத்தில், அதே உயரத்தில்.

சென்னையில் இருக்கும் என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு அனுப்பினேன். அவருக்கு ஒரே குஷி. "ரோட்டர் கம்பி ஆழமா இருக்கும்மா, அதோட விளைவு இது. இதையே ஒரு அத்தியாயமா எழுது, யாரும் இவ்வளவு தெளிவாக் காட்டினதில்ல" என்றார். ஆழமான கம்பியாவது மண்ணாங்கட்டியாவது. எந்தக் காலத்திலோ யாரோ போட்டுவிட்டுப் போன சாதாரண மோட்டார் அது. சார், எனக்கு நம்பிக்கை இல்லை என்றேன். "உனக்கு எதிலதான் நம்பிக்கை?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் அந்தக் கொட்டகையைப் பார்த்ததில்லை.

நடுவில் ஒரு விபரீதம் நடந்தது. ஜீப் டிரைவர் போன் செய்து மோட்டார் எப்படி என்று கேட்டார். கணக்குப்படி ரொம்ப நல்ல மோட்டார் என்று வருகிறது, ஆனால் கணக்கில்தான் எனக்குச் சந்தேகம் என்றேன். முதல் பாதியை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். அடுத்த முறை மலைக்குப் போனபோது வெள்ளிமலை டீக்கடையில் ஒருவர், "நம்ம சாமை மில்லு மோட்டாரு ரொம்ப ஸ்ட்ராங்குன்னு சொல்லிட்டீங்களாமே?" என்றார். எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. அதற்குள் டிரைவரின் மனைவி அம்மா வீட்டுக்குப் புறப்படும் நாளைக்கூடக் குறித்துவிட்டார்கள். மாமியார் தனியாக ஓட்டுவது என்று முடிவாகியிருந்தது.

அன்றைக்கு ஐப்பசி மழை. சாரலாகத் தொடங்கி, நான் பெட்டியைத் திறப்பதற்குள் சடசடவென்று பிடித்துக்கொண்டது. வெளிச்சுவரில் மழை சாய்ந்து அடித்தது. கருவி நனைந்தால் கல்லூரியில் எனக்குச் சமாதிதான். ஒயர்களில் கிளாம்பை மாட்டிவிட்டு, கருவியை மட்டும் நீளக் கேபிளோடு கொட்டகைக்குள் எடுத்துப் போனேன். மூலையில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தேன். பொத்தானை அமுக்க மாமியார் தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு வெளியே போனார்.

மெஷினில் முன்பே பாதி சாமை கிடந்தது. அவள் புடவையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகினாள். முந்தானையை வயிற்றைச் சுற்றி இறுக்கிக்கொண்டாள். மோட்டாருக்கும் மெஷினுக்கும் நடுவில் போய், ஒரு காலை முன்னால் ஊன்றி, பெல்ட்டின் மேல்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "ம், போடு!" என்று குரல் கொடுத்தாள். வெளியே 'டக்' என்றது. மோட்டார் உறுமிய அதே நொடியில் உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து பெல்ட்டை ஒரே இழுப்பாக இழுத்தாள். பெல்ட் நகர்ந்து ஓடத் தொடங்கியதும் கையை விட்டு, அடுத்த எட்டில் விலகிக்கொண்டாள். ஏழு மாத வயிற்றுக்கும் பெல்ட்டுக்கும் ஒரு சாண்தான் இடைவெளி இருந்தது.

நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை, நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. பயம்தான், கோபமாக வெளியே வந்தது.

"இன்னா அக்கா, இப்டி கத்தற? நான் பயந்தே பூட்டேன்" என்றாள் அவள்.

"என்ன பண்றே நீ? முந்தானை மாட்டியிருந்தா?"

"தெனமும் பண்றதுதானக்கா. ரெண்டாந்தபா வைண்டிங் கட்டியாந்ததுலேர்ந்து கெளம்பவே மாட்டேன்னுது. சும்மா ம்ம்ம்னு உறுமிக்கினே இருக்கும். ஒரு நாளு இழுத்து வுட்டுப் பாத்தேன், ஓடிடுச்சி. அப்பலேர்ந்து நான் இழுத்து வுட்டாத்தான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லியே. கரண்டுக்குப் படிச்சவங்க, கரண்டைப் பாக்கறீங்கன்னு நெனைச்சேன்."

சாக்கில் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன். திமில் அங்கே இருந்தது. ஆழமான கம்பி, கரண்ட் விளிம்பில் ஒதுங்கும் தோல் விளைவு, சூடு என்று நானும் பேராசிரியரும் மாறி மாறிப் பெயர் வைத்துக்கொண்டிருந்த திமில் அவளுடைய இழுப்பு. மெஷினைச் சுற்ற வைத்தது முழுக்க மோட்டார்தான் என்று என் கணக்கு நம்பியிருந்தது. அவள் கொடுத்த பலத்தையும் அது மோட்டாரின் கணக்கில் வரவு வைத்துவிட்டது.

மழை விடும்வரை காத்திருந்து, அவளைத் தள்ளி நிற்கச் சொல்லி, மறுபடி கிளப்பச் சொன்னேன். "ஓடாதுக்கா" என்றாள். பரவாயில்லை, ஓடாமல் போகட்டும் என்றேன். மாமியார் பொத்தானை அமுக்கினார். மோட்டார் உறுமியது. பெல்ட் ஒரு முறை துடித்தது, நின்றது. உறுமல் கனத்துக்கொண்டே போனது, சூடு ஏறும் வாடை வந்தது, ஸ்டார்ட்டர் தானாக விடுபட்டுச் சத்தம் அடங்கியது. மாமியார் வாசலில் இருந்தபடியே மருமகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேள்வி எதுவும் இல்லை. அவருக்கு அது முன்பே தெரிந்த விஷயம்.

அந்தப் பதிவில் கரண்ட் தள்ளாடியது தெளிவாகத் தெரிந்தது. ரோட்டர் தடை இருக்க வேண்டியதைவிட ரொம்ப ஜாஸ்தி. அதற்கு ஒரு காரணம்தான் இருக்க முடியும்: ரோட்டருக்குள் பதிந்திருக்கும் கம்பிகளில் சில விட்டுப்போயிருக்கின்றன. தொண்டை வரைக்கும் சாமையோடு நாள் தவறாமல் கிளப்பிக் கிளப்பி விரிசல் விட்டிருக்கும். கள்ளக்குறிச்சியில் இரண்டு முறையும் வெளியே இருக்கும் செம்புச் சுருளை மாற்றினார்கள். உள்ளே உடைந்த ரோட்டரை அப்படியே திரும்பப் போட்டார்கள். கடையில் பெல்ட் மாட்டாமல் ஓட்டிப் பார்த்தால் எல்லா மோட்டாரும் ஓடும்.

அன்று மழையில் சவாரி இல்லாமல் மதியமே ஜீப் டிரைவர் சாப்பிட வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். முடிந்தவரை எளிமையாகத்தான் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "ஓடிக்கினுதான கீது மேடம்?" என்றார். இழுத்தால்தான் ஓடுகிறது என்றேன். "எந்த மில்லுலயும் லேசா ஒரு கை போடறதுதான். அதெல்லாம் ஒரு மேட்டரே இல்ல." எனக்கு வாயில் வந்ததை விழுங்கினேன். அவள் விழுங்கவில்லை.

"அப்ப வா. ஒரு கை போடு."

"சாப்புட்டுட்டு வரேன்."

"இப்ப வா."

அவர் சோற்றுக் கையைக் கழுவிவிட்டு வந்தார். நல்ல வாட்டசாட்டமான ஆள்; மலைப்பாதையில் ஜீப்பை ஒரு கையால் ஒடிப்பவர். பெல்ட்டைப் பிடித்து நின்றார். அவளே வெளியே போய்ப் பொத்தானை அமுக்கினாள். அவர் முந்தி இழுத்தார், மோட்டார் பிந்தியது. பெல்ட் அசைந்து நின்றது. மறுபடி. இந்தத் தடவை பிந்தினார். பெல்ட் உள்ளங்கையை வழித்துக்கொண்டு போனது. "ஸ்ஸ்!" என்று கையை உதறினார். மோட்டார் உறுமி அடங்கியது. மாமியாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மாடு மாதிரி வளந்து இன்னா பிரயோஜனம்!" என்று மகனைப் பார்த்துச் சிரித்தவர், நடுவிலேயே நிறுத்திவிட்டார்.

"அடுத்த மாசத்துலேர்ந்து இதை நான்தான இழுக்கணும்?" என்றார்.

டிரைவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அம்மாவின் தோளைப் பார்த்தார், மனைவியின் வயிற்றைப் பார்த்தார். பிறகு என்னிடம், "எதை மாத்தணும்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க மேடம்" என்றார். எழுதிக் கொடுத்தால் அது வைண்டிங் கடைக்காரரிடம் எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். நானே வருகிறேன் என்றேன்.

மறு வாரம் மோட்டாரை ஜீப்பில் ஏற்றிக் கள்ளக்குறிச்சி வைண்டிங் கடைக்குப் போனோம். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ரோட்டர்ல இன்னாங்க கீது கெட்டுப் போறதுக்கு? இரும்புக் கட்டை. கெட்டா வைண்டிங்தான் கெடும்." வாதம் செய்ய எனக்குப் பொறுமை கிடையாது. உங்களிடம் சுருளைச் சோதிக்கும் காந்தம் இருக்கிறதே, அதன்மேல் ரோட்டரை வையுங்கள் என்றேன். வைத்தார். இரும்பு அறுக்கும் ஹாக்ஸா பிளேடை ரோட்டரின் மேல் மெதுவாக நகர்த்தினார். கம்பி நன்றாக இருக்கும் இடத்திலெல்லாம் பிளேடு கிர்ரென்று அதிர்ந்தது. அடுத்தடுத்த சில கம்பிகளில் செத்த மாதிரி கிடந்தது. இன்னொரு முறை நகர்த்தினார். "அட, ஆமா" என்றார். கடையின் பின்னால் கிடந்த பழைய மோட்டார்களைப் புரட்டி, அதே அளவு ரோட்டர் ஒன்றைத் தேடி எடுத்தார். அதையும் காந்தத்தில் வைத்துப் பிளேடை நகர்த்திக் காட்டினார். சுற்றிலும் விடாமல் அதிர்ந்தது.

அவள் அம்மா வீட்டுக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் நான் மலைக்குப் போனேன். போக வேண்டிய கட்டாயம் என்று ஆராய்ச்சியில் எதுவும் இல்லை. ஒரு பதிவு கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவே. பை கட்டி வாசலில் வைத்திருந்தாள். நான் கிளாம்ப் மாட்டினேன். மெஷினில் வேண்டுமென்றே சாமையை நிரப்பி வைத்திருந்தார்கள்.

பொத்தானைத் தானே அமுக்குவதாக அவள் சொன்னாள். மாமியார் கொட்டகைக்குள் போகப் பார்த்தார். "நீங்க எதுக்கு? வெளியவே நில்லுங்க" என்று தடுத்தாள். மூன்று பேரும் வெளிச்சுவரோடு நின்றோம். உள்ளே ஆளே இல்லை. அவள் பச்சைப் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அமுக்காமல் நின்றாள். வழக்கமாக உள்ளேயிருந்து வரும் குரலை எதிர்பார்க்கிறாளோ என்று நினைத்தேன். பிறகு அமுக்கினாள்.

டக். உறுமல். பெல்ட் சலசலவென்று ஓடியது. மெஷின் முழு வேகத்துக்கு வந்து, சாமை உதிரும் சத்தம் கேட்கத் தொடங்கியது.

"இவ்ளோதானா?" என்றாள்.

இவ்வளவுதான் என்றேன்.

"இவ்ளோதானா அக்கா?" என்று மறுபடி கேட்டாள். கேள்வி என்னிடம் இல்லை. வலது கையால் இடது தோளைப் பிடித்து அமுக்கிக்கொண்டே நின்றாள். கண் கலங்கியதா, உமித் தூசியா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை. மாமியார் உள்ளே போய் முறத்தை எடுத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் திரையை எட்டிப் பார்த்தாள். பழைய வரைபடத்தையும் புதிய வரைபடத்தையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்திருந்தேன். பழையதில் திமிலைத் தொட்டு, இது என்ன என்று கேட்டாள்.

"அது நீ. நீ இழுத்தது."

"நானா?" விரலை எடுக்காமல் பார்த்தாள். "இவ்ளோ ஒசரமா?"

"ஆமா. பாதி மோட்டார் அளவுக்கு நீ இருந்திருக்கே."

"இதுல?" என்று கீழே இருந்த புதிய கோட்டைக் காட்டினாள்.

"இதுல நீ இல்ல. மோட்டார் மட்டும்தான்."

நல்லது என்று தலையாட்டினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். ஜீப் வந்து ஹாரன் அடித்தது. பையை இன்றைக்கே ஏற்றிவிடலாம் என்று டிரைவர் குரல் கொடுத்தார். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"அக்கா, அந்தப் பழையதை அழிச்சிடாதீங்க."

மாமியார் இப்போது தனியாக மில் ஓட்டுகிறார். கரண்ட் நடுவில் போனால் மெஷினைக் காலி செய்துவிட்டுத்தான் கிளப்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். செய்கிறாரா என்று எனக்குத் தெரியாது, போனில் "ம், ம்" என்கிறார். பேத்தி பிறந்திருக்கிறாள், தாயும் சேயும் நலம். பேராசிரியருக்கு இரண்டு வரைபடங்களையும் அனுப்பி நடந்ததைச் சொன்னேன். திமில் இருப்பதை எல்லாம் நீக்கிவிடு, அது வெளியிலிருந்து வந்த தொந்தரவு, மோட்டாரின் அளவு இல்லை என்றார். கணக்காகப் பார்த்தால் அவர் சொல்வது சரி.

நான் நீக்கவில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் வைத்திருக்கிறேன். அந்தக் கோட்டின் கீழே என்ன பெயர் போடுவது என்று ரொம்ப நேரம் யோசித்து, கடைசியில் நடந்ததையே எழுதினேன்: ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, இரண்டு கையால்.